டெம்போவுக்கு பாடி கட்டலாம் வாங்க

தாதர் பூச்சந்தைக்கு மூட்டை வந்து இறங்கினால் அது டெம்போ. கணபதி ஊர்வலத்தில் ஸ்பீக்கர் பெட்டியை அடுக்கிக்கொண்டு போனால் அதுவும் டெம்போ. பதினோரு மாச அக்ரிமெண்ட் முடிந்து வீடு மாறும்போது பீரோவையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு போவதும் டெம்போதான். வண்டி நெற்றியில் டாடா என்று எழுதியிருந்தாலும் சரி, மஹிந்திரா என்று எழுதியிருந்தாலும் சரி, நம்ம வாயில் வருவது டெம்போ. திருநெல்வேலியிலும் டெம்போ, தாராவியிலும் டெம்போ. மும்பைக்கு வந்து புதுசாகக் கற்றுக்கொள்ளத் தேவையில்லாத ஒரே சொல் இதுவாகத்தான் இருக்கும்.

இப்படி எல்லா வண்டிக்கும் பொதுவாகிப்போன அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு வண்டி இருந்தது. இந்தியாவில் அதை முதலில் செய்ததும் இதே மும்பையில்தான். பெயர் தங்கிவிட்டது, வண்டி காணாமல் போய்விட்டது. இன்றைக்கு ஒரு சின்னப் பிள்ளைக்கு "இதுதாண்டா டெம்போ" என்று காட்டணும்னா கடையில் பொம்மை தேடிப் பிரயோஜனம் இல்லை. நானே தேடிப் பார்த்தாச்சு. ஸ்டைரீன் ஷீட் வாங்கி, வெட்டி, ஒட்டி, கையால் செய்ய வேண்டியதுதான். ஸ்க்ராட்ச் பில்டிங் என்று உலகம் முழுக்க மாடல் பிரியர்கள் சொல்வது இந்த வேலையைத்தான். அது எங்கிருந்து வந்தது, நம்ம கரூர், நாமக்கல் பட்டறைகளுக்கும் அதற்கும் என்ன ஒற்றுமை, ஒரு டெம்போவை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம்தான் இன்றைக்கு. கொஞ்சம் நீளம், காபியோட உட்காருங்க :-)

ஹாம்பர்கிலிருந்து கோரேகாவ்

ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுக நகரம். அங்கே விடால் அண்ட் ஸோன் என்று ஒரு கம்பெனி, 1920-களின் கடைசியில் டெம்போ என்ற பெயரில் மூன்று சக்கர சரக்கு வண்டி செய்ய ஆரம்பித்தது. லாரி வாங்க வசதி இல்லாத சின்ன வியாபாரிகளுக்கான வண்டி. போர் முடிந்த பிறகு, 1949-ல் வந்த மாடலுக்கு ஹன்சீட் என்று பெயர். முன்னால் ஒரே சக்கரம். 400 சிசியை ஒட்டிய டூ ஸ்ட்ரோக் என்ஜின் முன்பக்கமே இருக்கும். செயின் வழியாக அந்த முன்சக்கரத்தையே ஓட்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. என்ஜினும் முன்னால், இழுக்கிற சக்கரமும் முன்னால். அப்போ பின்பக்கம்? இரண்டு சக்கரத்தின் மேல் வெறும் தளம், அவ்வளவுதான். அதன் மேல் என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். திறந்த தொட்டி வைத்தால் காய்கறி வண்டி. பெட்டி வைத்து மூடினால் பேக்கரி வண்டி. பெஞ்சு போட்டுக் கூரை வைத்தால் ஷேர் டாக்ஸி. வட இந்தியாவில் பல ஊர்களில் இந்த வண்டி ஆளேற்றும் வண்டியாகவே பல வருஷம் ஓடியது. ஒரே மூக்கு, ஆயிரம் உடம்பு!

ஜெர்மனியில் 1956-ல் ஹன்சீட்டை நிறுத்திவிட்டார்கள். ஜனங்கள் கையில் காசு புழங்க ஆரம்பித்ததும் மூன்று சக்கரம் போய் நாலு சக்கரம் வந்துவிட்டது. இங்கே நிலைமை தலைகீழ். 1958-ல் என்.கே. ஃபிரோடியா பஜாஜ் டெம்போ கம்பெனியைத் தொடங்கி, விடால் அண்ட் ஸோன் கூட்டுறவோடு பம்பாயின் கோரேகாவில் ஹன்சீட்டைச் செய்ய ஆரம்பித்தார். பிறகு தொழிற்சாலை புனே பக்கம் ஆகுர்டிக்குப் போனது. பிறந்த ஊரில் ஏழு வருஷம் மட்டுமே உற்பத்தியான வண்டி, வந்த ஊரில் 2000 வரைக்கும் உற்பத்தியானது. நாற்பது வருஷத்துக்கு மேல்! 2005-ல் கம்பெனியே பெயரை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாற்றிக்கொண்டது. ஆக, டெம்போ என்ற சொல்லுக்கு வண்டியும் இல்லை, கம்பெனியும் இல்லை. சொல் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நம்ம வண்டிக்கு ஏன் கிட் இல்லை?

எங்க வீட்டுப் பையனுக்கு ஒரு பிறந்தநாளுக்கு அமெரிக்க பிக்அப் டிரக் கிட் ஒன்று வந்தது. பெட்டியைத் திறந்தால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பாகங்கள். பிய்த்து எடுத்து, நம்பர் பார்த்து ஒட்டினால் வண்டி ரெடி. ஒட்டி முடித்துவிட்டு அவன் கேட்டது நியாயமான கேள்வி: "அப்பா, கீழ தெருவுல நிக்குற வண்டி எல்லாம் ஏன் இப்படி வர மாட்டேங்குது?"

பதில் சொல்ல லண்டனுக்குப் போகணும். 1939-ல் நிகோலஸ் கோவ் என்ற ஹங்கேரிக்காரர் அங்கே ஏர்ஃபிக்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார். முதலில் காற்று அடைத்த ரப்பர் பொம்மை, போருக்கு அப்புறம் பிளாஸ்டிக் சீப்பு. 1949-ல் ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனிக்காரர்கள் தங்கள் விற்பனை ஆட்கள் கையில் கொடுத்தனுப்ப ஒரு குட்டி டிராக்டர் கேட்டார்கள். ஏர்ஃபிக்ஸ் செய்து கொடுத்தது. அதையே பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்கலாமே என்று பிறகு தோன்றியது. 1952-ல் கோல்டன் ஹைண்ட் கப்பல் வந்தது. பாலிஸ்டைரீனில் வார்த்த கிட், உல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங் விலை. அதிலிருந்து பிடித்தது பைத்தியம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். டெட்ராய்ட்டை ஒட்டி 1948-ல் தொடங்கிய ஏஎம்டி, கார் டீலர்கள் மேஜையில் வைக்க ஃபோர்டு மாதிரியை அலுமினியத்தில் செய்தது. பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1958-ல் 3-இன்-1 கிட் போட்டது. ஒரே பெட்டியில் மூன்று விதமான பாகங்கள்: கம்பெனி வண்டி மாதிரியே கட்டலாம், ரேஸ் வண்டியாகக் கட்டலாம், இஷ்டத்துக்கு மாற்றி கஸ்டமாகவும் கட்டலாம். கஸ்டம் என்ற சொல் மாடல் கட்டும் பையன்கள் வாயில் பரவியது இந்த மாதிரிப் பெட்டிகளால்தான்.

கவனித்தீர்களா? இரண்டு இடத்திலும் ஆரம்பம் வண்டிக் கம்பெனியின் விளம்பரம். கிட்டுக்கு இரும்பு அச்சு வெட்ட ஏகப்பட்ட செலவு. ஆயிரக்கணக்கில் விற்றால்தான் போட்ட காசு திரும்பும். காசு கொடுக்க டிராக்டர் கம்பெனியும் கார் டீலரும் இருந்தார்கள், வாங்கக் கூட்டமும் இருந்தது. கோரேகாவ் டெம்போவுக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்? அது விற்பனைக்கு வந்த காலத்தில் வண்டி வேண்டுமென்றால் வாங்குகிறவர்தான் வரிசையில் நிற்கணும். பொம்மை காட்டி ஆள் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. நம்ம நாட்டிலும் சென்டி டாய்ஸ் மாதிரி சில கம்பெனிகள் அம்பாசடரையும் ஆட்டோவையும் பொம்மையாகச் செய்தார்கள், அவர்கள் புண்ணியவான்கள். ஆனால் எது பொம்மை ஆகணும், எது ஆகக்கூடாது என்பதை அச்சுக்குக் காசு போடுகிறவர்தான் முடிவு செய்கிறார். அந்தப் பட்டியலில் இல்லாத வண்டி வேண்டுமானால் ஷீட்டைத்தான் எடுக்கணும்.

ஷீட்டிலிருந்து செய்வது கிட்டுக்கு முந்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930-லிருந்து 1968 வரை பள்ளிப் பையன்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியின் மாதிரி. பிறகு, அவனவன் கற்பனையில் வரும் காரை 12-ல் 1 பங்கில் செய்யணும். மரம், பிளாஸ்டர், கிடைத்த தகரம். கிட் கிடையாது, நம்பர் போட்ட பாகம் கிடையாது. பரிசு காலேஜ் படிப்புக்கு உதவித்தொகை. ஜெயித்த பையன்களில் பல பேர் பின்னாளில் நிஜக் கார் வடிவமைப்பாளர்களாகவே ஆனார்கள். கையால் ஒரு உடம்பைக் கட்டத் தெரிந்தவனைத் தொழில் தேடி வந்தது.

சாம்பிராணியும் பம்பாயும்

இப்போ ஸ்டைரீன் பற்றி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், இது நம்ம பூஜை அறைக்குத் தூரத்துச் சொந்தம். 1839-ல் பெர்லினில் எடுவர்ட் சிமோன் என்ற மருந்துக்கடைக்காரர், ஸ்டோராக்ஸ் என்ற மரப்பிசினைக் காய்ச்சி ஒரு எண்ணெயை எடுத்தார். அதற்கு ஸ்டைரோல் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரிலிருந்துதான் ஸ்டைரீன் வந்தது. சாம்பிராணி தரும் மரத்துக்கும் தாவரவியலில் ஸ்டைராக்ஸ் என்றுதான் பெயர். மரம் வேறு, பெயரின் வேர் ஒன்று. சிமோனின் எண்ணெய் சில மாதத்தில் ஜெல்லி மாதிரி இறுகிப்போனது. அது ஏன் என்று புரிய எண்பது வருஷம் ஆனது. சின்ன மூலக்கூறுகள் கைகோத்து நீளமான சங்கிலியாகின்றன என்று 1920-ல் சொன்னவர் ஹெர்மன் ஸ்டாடிங்கர். 1953-ல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். நடுவில், 1930-களின் தொடக்கத்தில், ஜெர்மனியில் பாலிஸ்டைரீன் தொழிற்சாலைச் சரக்காகிவிட்டது.

இந்தியாவில் அது எங்கே ஆரம்பித்தது? பம்பாயில். 1957-ல் பாலிகெம் கம்பெனி பாலிஸ்டைரீன் செய்ய ஆரம்பித்தது. நம்ம நாட்டுப் பிளாஸ்டிக் மூலப்பொருள் தொழிலின் கதையை இந்த வருஷத்திலிருந்துதான் எண்ணுவார்கள். அடுத்த வருஷம், 1958, கோரேகாவில் டெம்போ. அதற்கும் அடுத்த வருஷம், 1959, ஃபெவிகால், அதுவும் பம்பாய். பிளாஸ்டிக், வண்டி, பசை மூன்றும் அடுத்தடுத்த வருஷத்தில் ஒரே ஊரில் பிறந்திருக்கின்றன. ஆனால் மூன்றையும் சேர்த்து ஒரு பையன் மாடல் செய்திருக்க முடியாது. ஃபெவிகால் ஸ்டைரீனில் ஒட்டாது! ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதே பாலிஸ்டைரீனை நுரையாக ஊதினால் தெர்மாகோல். அந்தப் பெயரும் பம்பாய்ப் பெயர்தான். 1943-ல் இங்கே தொடங்கிய ஆர்.ஏ. கோல் கம்பெனியின் பெயர் அதில் ஒளிந்திருக்கிறது. அந்தக் கம்பெனிதான் பிறகு பாஸ்ஃப் இந்தியா ஆனது. தாதர், லால்பாக், பரேல் பக்கம் பல வருஷம் இருந்தவர்களுக்கு இது தெரிந்த சரக்கு. கணபதிக்கு நாலு மாசம் முன்னாடியே தெர்மாகோலைச் சூடான கம்பியால் அறுத்து, கோயில், அரண்மனை, மயில் தோகை என்று மக்கர் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். நம்ம ஊர் வண்டி பண்ணுமே அந்த மக்கர் இல்லை, பிள்ளையாரை வைக்கும் அலங்கார மண்டபத்துக்கு மராத்தியில் மக்கர் என்று பெயர். அச்சு கிடையாது, கிட் கிடையாது. கண்ணால் அளந்து, காகிதத்தில் வரைந்து, அறுத்து, ஒட்டி... பாலிஸ்டைரீனில் ஸ்க்ராட்ச் பில்டிங் என்றால் தாதருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

2018 மார்ச்சில் மகாராஷ்டிர அரசு பிளாஸ்டிக் பைகளோடு தெர்மாகோல் அலங்காரத்தையும் தடை செய்தது. அந்த வருஷக் கணபதிக்கு மட்டும் விலக்கு கேட்டு வியாபாரிகள் ஹைகோர்ட் போனார்கள், கிடைக்கவில்லை. கடலில் மிதக்கும் குப்பையைப் பார்த்தவர்கள் யாரும் தடை தப்பு என்று சொல்ல மாட்டார்கள். அதே சமயம், ஒரு பொருள் போகும்போது அதைப் பிடித்து வளர்ந்த கைத்திறமையும் இடம் மாறியாகணும். அட்டை, துணி, காகிதம் என்று மாறினார்கள். அளவெடுக்கும் கண் மாறவில்லை.

கரூரில் செய்வது இதைத்தான்

என்.ஹெச்.சில் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். லாரியின் முகம் மட்டும் இருக்கும், கதவு இல்லை, கூரை இல்லை, பின்னால் வெறும் இரும்புச் சட்டம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு டிரைவர் காற்றில் பறந்துகொண்டு ஓட்டுவார். எண்ணூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும் சேசிஸ் அது. பாடி கட்ட கரூருக்கோ நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ போகும். கரூர் பஸ்ஸுக்குப் பேர் போனது, நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரிக்கு. கம்பெனி கொடுப்பது என்ஜினும் சக்கரமும் சட்டமும். மிச்சத்தை நம்ம ஆட்கள் பட்டறையில் கட்டினார்கள். ரொம்ப காலத்துக்கு நம்ம நாட்டுச் சாலையில் ஓடிய லாரி, பஸ்களில் பெரும்பாலானவை இப்படிக் கையால் கட்டியவைதான்.

வேலையின் வரிசையைப் பாருங்கள். முதலில் சேசிஸ் மேல் நீளவாட்டில் சட்டம். அதன் குறுக்கே சட்டங்கள். அப்புறம் நிமிர்ந்து நிற்கும் தூண்கள். அதன் மேல்தான் தகடு. தகடு அடித்த பிறகு பட்டி, டிங்கரிங். கடைசியில் பெயிண்ட், பூ, மயில், "ஒலி எழுப்பவும்". எலும்பு முதலில், தோல் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் பாடி நிற்காது.

ஸ்டைரீனில் வண்டி கட்டுகிறவரும் இதே வரிசையில்தான் போகணும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் பிடித்ததே இதுதான். கிட் ஒட்டுகிறவர் தொழிற்சாலையின் கடைசி ஆள் செய்கிற வேலையைச் செய்கிறார். ஷீட்டிலிருந்து கட்டுகிறவர் பட்டறையின் மேஸ்திரி வேலையைச் செய்கிறார். கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் நிறையப் பையன்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஃபோரெக்ஸ் ஷீட்டில் அரசு பஸ்ஸையும், தங்கள் ஊர் வழியாகப் போகும் பிரைவேட் பஸ்ஸையும் ஜன்னல் கம்பி, போர்டு எழுத்து வரைக்கும் அப்படியே செய்கிறார்கள். யாரும் அவர்களுக்கு ஏஎம்டி கிட் வாங்கிக் கொடுக்கவில்லை. கொடுக்காததும் நல்லதாப் போச்சு.

சரி, வேலையை ஆரம்பிப்போம்

அளவு. 24-ல் 1 பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்கிறேன். நம்ம பட்டறைகளில் பேச்சே அடியில்தான், 14 அடி பாடி, 17 அடி பாடி என்று. 24-ல் 1 என்றால் ஒரு அடி சரியாக அரை அங்குலம். 17 அடி பாடி எட்டரை அங்குலம். 6 அடி தளம் 3 அங்குலம். கால்குலேட்டரே வேண்டாம். வண்டியை நேரில் அளக்க முடிந்தால் உத்தமம். போட்டோ மட்டும்தான் கிடைத்தது என்றால், அதில் அளவு தெரிந்த ஒரு பொருளைத் தேடுங்கள். டயரின் பக்கவாட்டில் சைஸ் போட்டிருக்கும், அதிலிருந்து விட்டத்தைக் கணக்குப் பண்ணலாம். அதை அளவுகோலாக வைத்து மற்றதைக் கணக்கிடலாம். நேர் பக்கவாட்டில் எடுத்த போட்டோவாக இருக்கணும். சாய்த்து எடுத்த போட்டோ ஆளை ஏமாற்றிவிடும்.

ஷீட். தளத்துக்கும் உள் சட்டத்துக்கும் 1 மில்லிமீட்டர், வெளித்தோலுக்கு அரை மில்லிமீட்டர். ஹை இம்பாக்ட் பாலிஸ்டைரீன் என்று கேட்கணும், சுருக்கமாக ஹிப்ஸ். ஃபிரிட்ஜின் உள்பக்கம் இருக்கிற அதே வெள்ளை. பழைய பிளாஸ்டிக் துண்டு ஸ்டைரீனா இல்லையா என்று தெரியணுமா? அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருக்கான்னு பாருங்கள். தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிக்கிறவர்களுக்கு நம்பரும் வேண்டாம். தட்டினால் வரும் சத்தம், முறித்தால் முறியும் விதம், கொளுத்தினால் வரும் வாசனை ஆகியவற்றிலேயே இனம் பிரித்துவிடுவார்கள். பாலிஸ்டைரீன் கீழே விழுந்தால் கணீர் என்று தகரம் மாதிரி சத்தம் வரும். கொளுத்தினால் கரும்புகை கக்கும். இரண்டாவது சோதனையை வீட்டில் செய்யாதீர்கள்.

வெட்டுவது. முழுசாக அறுக்க வேண்டாம். ஸ்டீல் ஸ்கேல் வைத்து கட்டரால் இரண்டு மூன்று தடவை கீறி, கீறலை மேல்பக்கமாக வைத்து மடக்கினால் பட்டென்று நேராக முறியும். ஸ்டைரீனின் பெரிய வரம் இது. ஓரத்தை உப்புத்தாளில் ஒரு இழுப்பு.

எலும்பு. தளத்தைப் பலகை பலகையாகக் காட்டணும். 6 அங்குலப் பலகை என்றால் கால் அங்குலத்துக்கு ஒரு கோடு கீறிவிட்டால் போதும். தளத்துக்கு அடியில் குறுக்குச் சட்டம், கேபினுக்குள் குறுக்குத் தடுப்பு எல்லாம் வேணும். வெளியே தெரியாதே என்று விட்டுவிட்டால் ஆறு மாசத்தில் பக்கச் சுவர் உள்வாங்கிவிடும். கரூர் மேஸ்திரி பார்த்தால் சிரிப்பார்.

ஒட்டுவது. ஃபெவிகால் மரத்தின் துளைகளுக்குள் ஊறிப் பிடிக்கும், ஸ்டைரீனில் ஊற இடமே இல்லை. இங்கே வேண்டியது கரைப்பான். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, சின்ன பிரஷ்ஷில் ஒரு சொட்டு கரைப்பானை இடுக்கில் தொட்டால் அது தானாக உள்ளே ஓடும். இரண்டு ஓரமும் கரைந்து ஒன்றாகி இறுகிவிடும். ஒட்டுதல் என்பதைவிட வெல்டிங் என்பதுதான் சரி. மாடல் கடையில் ஸ்டைரீன் சிமெண்ட் என்று விற்பதை வாங்குங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, பெரியவர் பக்கத்தில் இருக்கச் செய்யணும். ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்களில் அக்ரிலிக் ஒட்ட குளோரோஃபார்ம் வைத்திருப்பார்கள், அந்தப் பாட்டில் வீட்டுப் பக்கமே வர வேண்டாம்.

மூக்கு. டெம்போவின் அடையாளமே அந்த உருண்ட மூக்குதான். நேர் ஷீட்டை எப்படி உருட்டுவது? மூக்கின் வடிவத்தை மரத்தில் செதுக்கிக்கொள்ளுங்கள், ஷீட்டின் தடிமன் அளவுக்கு எல்லாப் பக்கமும் சிறிசாக. ஒரு பிளைவுட் துண்டில் அந்த மூக்கு நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓட்டையின் மேல் ஷீட்டை நாலு பக்கமும் ஆணி அடித்துச் சூடாக்கினால், 100 டிகிரியைத் தாண்டும்போது அப்பளம் மாதிரி தளர ஆரம்பிக்கும். அப்போது மரமூக்கை ஒரே அழுத்தாக அழுத்தணும். முதல் இரண்டு மூன்று கிழியும், அதுவும் கணக்கில் சேர்த்திதான். பட்டறையில் தகட்டை மரக்கட்டையின் மேல் வைத்துத் தட்டி வளைப்பதன் குட்டித் தம்பி இந்த வேலை.

தோல். நிஜ வண்டியில் 1 மில்லிமீட்டர் தகடு. அதை 24-ல் வகுத்தால் 0.04 மில்லிமீட்டர், காகிதத்தைவிட மெலிசு. செய்யவே முடியாது. அதனால் கண்ணுக்குத் தெரியும் ஓரங்களை மட்டும், கதவு விளிம்பு, தொட்டி விளிம்பு, உள்பக்கமாகச் சாய்த்து அரத்தால் தேய்க்கணும். பார்க்கிறவர் கண்ணுக்கு முழுத் தகடும் மெலிசாகத் தெரியும். அப்புறம் பட்டி வைத்துத் தேய்த்து, லேசாகப் பல கோட் பெயிண்ட். ஒரேயடியாக அடித்தால் தின்னர் ஸ்டைரீனைத் தின்றுவிடும், பெயரே தின்னர்தானே :-)

ஏன் இதெல்லாம்?

நியாயமான கேள்வி. தமிழ் வாத்தியாரைத் தேடி மாட்டுங்காவுக்கும், அபாகஸுக்கு செம்பூருக்கும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகிற நேரத்தில் பொம்மை வண்டி எதற்கு?

தாதரில் ஒரு இடத்துக்கு தாதர் டி.டி. என்று பெயர். டிராம் டெர்மினஸ். 1964 மார்ச் 31 ராத்திரி பம்பாயின் கடைசி டிராம் போரிபந்தரில் கிளம்பி தாதரில் வந்து நின்றது. டிராம் போய் அறுபது வருஷத்துக்கு மேலாச்சு, டாக்ஸிக்காரரிடம் டி.டி. என்றால் இன்னும் புரியும். 2023-ல் அடுத்தடுத்து இரண்டு விடை. செப்டம்பர் 15, பெஸ்ட்டின் பழைய டீசல் டபுள் டெக்கர் கடைசியாக ஓடியது. அக்டோபர் 30-ஓடு கறுப்பு மஞ்சள் பிரீமியர் பத்மினி டாக்ஸிகளின் காலம் முடிந்தது. கடைசி பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபரில், டாக்ஸிக்கு இருபது வருஷம்தான் ஆயுள். குர்லாவில் பிறந்த கார், அதே ஊர்த் தெருவிலிருந்து ஓய்வு பெற்றது.

டிராமுக்கும் பெஸ்ட் பஸ்ஸுக்கும் கவலை இல்லை. அணிக் டிப்போவில் பெஸ்ட் மியூசியம் இருக்கு, குட்டி குட்டி மாடல்களாக டிராமும் பஸ்ஸும் அங்கே நிற்கின்றன. பிள்ளைகளோடு ஒரு நாள் போய்வாங்க. பத்மினிக்கு சினிமா இருக்கு, பேப்பர்காரர்கள் அழுதார்கள், பல பேர் போட்டோ எடுத்தார்கள். டெம்போ போனபோது யாரும் மாலை போடவில்லை. அது யாரையும் ஹனிமூனுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை, வெங்காயத்தைத்தான் சுமந்தது. சரக்கு வண்டிக்கு ஆல்பம் கிடையாது. அதிலும் பட்டறையில் பாடி கட்டிய வண்டிக்கு வரைபடமும் கிடையாது. மூக்கின் டிராயிங் கம்பெனி அலமாரியில் இருக்கலாம். பின்பக்கத் தொட்டியின் அளவு மேஸ்திரியின் தலையில் மட்டும் இருந்தது. அவர் போனதும் அதுவும் போச்சு. ஆகவே நம்ம ஊர் வண்டி ஒன்றை அளந்து, ஷீட்டில் கட்டி வைப்பது பொம்மை செய்வது மட்டும் இல்லை. சில வண்டிகளுக்கு அது ஒன்றுதான் பதிவு.

நம்ம குடும்பங்களுக்கு இது இன்னும் ஒரு படி நெருக்கம். தமிழர்கள் இந்த நகரத்துக்கு வந்து என்னென்ன வேலை செய்தார்கள் என்று யோசியுங்கள். ஆபீஸில் டைப் அடித்தவர்களின் பென்ஷன் பேப்பராவது பத்திரமாக இருக்கும். தோல் மூட்டை ஏற்றியவர், டெம்போ ஓட்டியவர், பட்டறையில் வெல்டிங் வைத்தவர் வீட்டில் என்ன இருக்கும்? ஒரு பழைய லைசென்ஸ், கூட்டத்தோடு எடுத்த ஒரு போட்டோ, அதன் ஓரத்தில் பாதி தெரிகிற ஒரு வண்டி. அந்தப் பாதி வண்டியை முழுசாக்கிப் பேரன் கையில் கொடுக்க முடியும் என்றால், ஒரு ஷீட்டும் நாலு ஞாயிற்றுக்கிழமையும் பெரிய செலவு இல்லை. செய்யும்போது பிள்ளை கேள்வி கேட்பான். தொட்டி ஏன் இவ்வளவு உயரம், கதவு ஏன் இல்லை, தாத்தா எங்கே உட்காருவார் என்று. பதில் தெரிந்தவரிடம் போன் போட்டுத்தான் ஆகணும். மாடல் முடியும்போது கதையும் கையில் இருக்கும்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஒரு அளவு டேப்பையும் நோட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். அரிசி மில் பின்னாடி, பழைய மெக்கானிக் ஷெட் ஓரம் எங்கேயாவது முள்ளுச்செடி முளைத்து ஒரு வண்டி நிற்கும். சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அச்சுக்கு அச்சு எத்தனை, தளம் எத்தனை அடி, தரையிலிருந்து எவ்வளவு உயரம், டயர் சைஸ் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் நேராக நாலு போட்டோ. பத்து நிமிஷ வேலைதான். பாடி கட்டுவதைத் திரும்பி வந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம், பழைய இரும்புக்காரர் மட்டும் நமக்காகக் காத்திருக்க மாட்டார்.